நடுத் தோல்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. தண்டவாளத்தில் தண்ணீர். செம்பூரில் ஏறிய ரயில் சுனாபட்டியோடு நின்றுவிட்டது, மீதி நடை. தாராவிப் பட்டறைக்குள் தண்ணீர் வரவில்லை. அதுவரை லாபம்.

மாட்டுங்கா கண்காட்சிக்கு மூன்று ஆட்டுத்தோல். இடது, நடு, வலது. சேர்த்து மாட்டினால் இடிக்கப்பட்ட எங்கள் பழைய சந்து. வேலை இப்படி: என் அக்கா, லாத்தா, மருதாணிக் கோனால் நேராகத் தோலில் வரைவாள். நான் அதை ஸ்கேன் செய்து, சுற்றிலும் கணினியில் செய்த கட்டங்களை அதே தோலில் யூவி பிரிண்டரால் அச்சடிப்பேன். கட்டம் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி. வீடு போய்விட்டது. பழைய ஃபோனில் கம்பி தெரிகிற படம் ஒன்றுதான் மிச்சம், அதிலும் பாதியை என் தலை மறைக்கிறது. மீதியை நான் கணக்குப் போட்டு நிரப்பினேன்.

இடதும் வலதும் எப்போதோ தயார். நடுத் தோலை லாத்தா நேற்று வரைந்து முடித்தாள். இன்று காய்ந்த பசையைச் சுரண்டினேன். கீழே பளிச்சென்று ஆரஞ்சு. கலர் மீட்டரை வைத்து அளந்து அச்சு நிறத்தை அதற்கே பொருத்தினேன். மதியமே கண்ணன் கடையில் அடித்தாயிற்று. கண்ணன் பிரிண்டர் வைத்திருப்பவன், என் வயது.

"பாய், எது கை, எது மிஷின்னு எனக்கே தெரியல."

இதைக் கேட்கத்தான் இத்தனை பாடு. இரண்டு வடாபாவ் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை லாத்தா கைக்குழந்தையோடு மஸ்கட் கிளம்புகிறாள். மச்சான் அங்கே வீடு பார்த்துவிட்டார். அதற்குள் வேலை முடிந்தது. நல்லது.

ஜூலை 9, புதன்

மழை. செருப்பு வார் அறுந்தது.

கெட்டது எல்லாம். பட்டறையைத் திறந்தால் நடுத் தோலில் மருதாணி கரும்பழுப்பு. அச்சு மட்டும் நேற்றைய ஆரஞ்சிலேயே பல்லை இளித்துக்கொண்டு. தனித்தனியாக இரண்டு பேர் செய்த வேலை மாதிரி.

மருதாணி முதல் நாள் ஆரஞ்சு, அப்புறம்தான் கறுக்கும். எங்கள் வீட்டில் பேசத் தெரியாத பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் மீட்டரை வைத்தேன். மற்ற இரண்டு தோலும் அச்சுக்கு முன்னால் வெகுநாள் சும்மா கிடந்தன, அதனால் பிழைத்தன.

லாத்தாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே ஃபோன்.

"ஏல, நீ நம்ம வீட்டுலதான பொறந்த?"

"அவசரத்துல பண்ணிட்டேன்."

"எத்தன பெருநாளைக்குக் கைய விரிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க! கையில சாக்ஸ மாட்டிக்கிட்டு தூங்குவியே. மீட்டரு வந்ததும் மறந்துபோச்சாக்கும்."

"இன்னொண்ணு போட்டுத் தா லாத்தா."

"என்னால முடியாதுல. பெட்டி கட்டணும், பிள்ளைக்கு ஊசி போடணும், சீத்தா கேம்புல மாமி வீட்டுக்குப் போவணும். ஒன் கம்ப்யூட்டர்ல என் கோடெல்லாம் கெடக்குல்லா? அத வச்சு நீயே போட்டுக்க."

வைத்துவிட்டாள்.

யூவி மை தோலில் ஏறினால் ஏறினதுதான். அந்தத் தோல் காலி. புதுத் தோல் எடுத்து வைத்தேன். வெற்றுத் தோல்.

ஜூலை 10, வியாழன்

மழை விட்டு விட்டு. பட்டறையில் பூஞ்சை நாற்றம்.

அவள் சொன்னபடியே செய்து பார்த்தேன். பழைய ஸ்கேன்களிலிருந்து இலை, கொடி, புள்ளி, வளைவு என்று தனித்தனியே வெட்டி எடுத்து, தூரிகைகளாக மாற்றி, நடுத் தோல் முழுக்கத் திரையில் வரைந்தேன். நன்றாகத்தான் வந்தது. அதுதான் எரிச்சல்.

வீட்டில் உம்மா லேப்டாப்பை எட்டிப் பார்த்து, "இத ஒன் லாத்தா எப்பல போட்டா? நல்லாருக்கே" என்றாள். நான் லேப்டாப்பை மூடினேன்.

பெருநாளுக்கு முந்தின நாள் ஞாபகம் வந்து வேலை ஓடவில்லை. சந்தில் குழாயடியைச் சுற்றிப் பெண்கள். கவிழ்த்த பெயின்ட் டப்பா மேல் லாத்தா, அப்போது பள்ளிக்கூடம் போகிறவள். மருதாணியில் கலந்த யூகலிப்டஸ் தைல வாசனை. எங்களுக்குப் பெருநாள், ஆனால் வரிசையில் முதல் ஆள் எப்போதும் கடைசி வீட்டு செல்வியக்கா.

"எனக்கு மயிலு போடுட்டி."

"ஒங்க கைக்கு மயிலு பத்தாதுக்கா, ஒட்டகம் போடுதேன்."

போட்டு முடித்தவர்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் நான் ஒருவன்தான் கை. டீ ஊட்ட, விழுந்த முந்தானையைத் தூக்கிப் போட, எலுமிச்சைச் சாறும் சீனியும் பஞ்சில் தொட்டு வைக்க. "யூசுப்பு, மூக்கச் சொறிஞ்சு விடுல. அங்க இல்லல, மேல." தப்பி ஓடினால் உம்மா பிடித்துக் கொண்டுவந்து விடுவாள்.

இப்போது ஒருவர் மாஹிமில், சிலர் சீத்தா கேம்பில், செல்வியக்கா சுனாபட்டியில். கூடி உட்காரக் குழாய் கிடையாது. சந்து போன பிறகு லாத்தா யார் கையிலும் மருதாணி வைக்கவில்லை. என் தோல்களில் மட்டும்தான். இது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

படத்துக்கு அவள் தேவையில்லை என்று நிரூபித்துவிட்டேன். சந்தோஷமாக இல்லை.

ஜூலை 11, வெள்ளி

தூறல். ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக லாத்தா வீடு. கட்டில் முழுக்கப் பெட்டி, துணி, பேரீச்சம்பழ டப்பா (மஸ்கட்டுக்கே பேரீச்சம்பழம்! மாமி கொடுத்தாளாம்). குழந்தை பெட்டிக்குள் உட்கார்ந்து சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எறிந்துகொண்டிருந்தது.

திரையில் செய்ததைக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"என்னது மாதிரியேதான இருக்கு. அடிச்சிர வேண்டியதுதான?"

"நீ வந்து போடு."

"எதுக்குல? இதுக்கு என்ன கொற?"

"கொறையெல்லாம் இல்ல."

"பெறவு?"

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "ஞாயித்துக்கெழம போனா எப்ப வருவ?" என்று கேட்டேன். ஒரு சின்னக் கவுனை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நாளைக்குக் காலையில வாரேன். கொஞ்ச நேரந்தான். கடையில கோன் வாங்கிராத, நானே கொழைச்சு எடுத்துட்டு வாரேன்."

நாளைக்கு: மேசை துடைக்க. தோலை ஊசி குத்தி இழுத்து வைக்க. ஃபேன். விளக்கு. வாயை மூடிக்கொண்டிருக்க.

ஜூலை 12, சனி

மழை இல்லை. ஆச்சரியம்.

குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டுச் சொன்னபடி வந்தாள். மேசையில் தோலை டிரம் மாதிரி விறைப்பாக இழுத்து வைத்திருந்தேன். நல்லவேளை, முதலில் துண்டுத் தோலில் போட்டுப் பார்த்தாள். ஒரு கொடி, இரண்டு இலை. உதட்டைப் பிதுக்கினாள்.

"செத்த கோடு."

உண்மைதான். தோரணக் கயிறு மாதிரி தொங்கியது. இதற்கு முந்தியதையெல்லாம் எப்படிப் போட்டாய் என்றேன். முட்டியைக் குத்தவைத்து, தோலை அதன் மேல் போர்த்திப் போட்டாளாம், இப்போது முட்டி வலிக்கிறதாம். "கையில போட்டுப் பழகினவ நான். விரலப் பிடிச்சு இழுத்து, திருப்பித் திருப்பித்தான் எனக்குக் கோடு ஓடும். பலகையில எவன் போடுவான்?"

அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சட்டக் கைய மேல ஏத்து."

"எதுக்கு?"

"ஏத்துல."

புதுத் தோலை என் இடது கை மேல் போர்த்தி, பட்டறைக் கிளிப்புகளால் கவ்வ வைத்து, தொங்கிய ஓரத்தை என் வலது கையில் கொடுத்துவிட்டு, இடது விரல் நுனிகளைப் பிடித்துக்கொண்டாள்.

"லாத்தா, விரிச்சா படமெல்லாம் கோணிரும். என் கட்டம் பொருந்தாது."

"கோணட்டும். ஆடாம இரி."

இருந்தேன். ஃபோன் அடித்தது, எடுக்க விடவில்லை. இன்னொரு தடவையும் அடித்தது. மூக்கு அரித்தது.

"லாத்தா, மூக்கு."

"அன்னைக்கு அத்தன பேரு மூக்கையும் சொறிஞ்சு விட்டியே, ஒருத்தியையாவது கூப்பிடு பாப்பம்." சிரித்து முடித்த பிறகுதான் புறங்கையால் தேய்த்துவிட்டாள். கொஞ்சம் மருதாணி என் மீசையில்.

குழாயை வரைந்தாள். அதைச் சுற்றிக் கைகள். நீட்டின கைகள் மட்டும். உடம்பு கிடையாது, முகம் கிடையாது. குண்டுக் கை, வளையல் கழலாத கை, ஒரு விரல் மடங்காத கை. வரைய வரைய யார் யாரென்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆட்களையும் போடேன் என்றேன்.

"மொகமெல்லாம் எனக்கு அவ்வளவா ஞாபகமில்லல. யாரு மொகத்த நான் பாத்தேன்? குனிஞ்சேதான இருந்தேன். கை ஞாபகமிருக்கு."

ஒரு கைக்கு மட்டும் உள்ளங்கையில் ஒட்டகம் போட்டாள். கொஞ்ச நேரந்தான் என்றவள் மதியச் சாப்பாட்டையும் பட்டறையிலேயே சாப்பிட்டாள். எனக்கும் ஊட்டினாள், தோலைக் கழற்ற விடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

விமான நிலையம். கனத்த மழை. பெட்டி எடை கூடிப்போய், பேரீச்சம்பழம் என்னோடு திரும்பி வந்தது. உம்மா அழுதாள். லாத்தா அழவில்லை, குழந்தையின் சளியைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய், என்னைப் பார்த்து விரலை ஆட்டினாள். நிறம் நிற்குமுன் அளக்காதே என்கிறாள்.

பட்டறைக்குப் போகவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வெயில் மாதிரி ஏதோ ஒன்று.

நிறம் நின்றுவிட்டது. நல்ல கரும்பழுப்பு. ஸ்கேன் எடுத்தேன். விரித்த தோலில் எல்லாம் சாய்ந்திருக்கிறது. முழங்கை வளைவு இருந்த இடத்தில் கைகள் விசிறி மாதிரி பிரிந்து நிற்கின்றன. வழக்கம்போல அவள் படத்தை நிமிர்த்திக் கட்டங்களுக்குள் உட்கார வைத்தேன். கைகளெல்லாம் ஜோசியக் கடை போர்டு மாதிரி ஆகிவிட்டன. அழித்தேன்.

பிறகு படத்தைத் தொடாமல் கட்டங்களைப் பிடித்து இழுத்தேன். ஜன்னல் கம்பி ஒவ்வொன்றாக, ஒவ்வொரு கைக்கும் ஒதுங்கி வழி விடுகிற மாதிரி. தானாகச் செய்யும் வசதி இதற்குக் கிடையாது. காலையில் உட்கார்ந்தவன் சாயங்கால அஸர் பாங்கு கேட்டுத்தான் எழுந்தேன். தோலையும் ஃபைலையும் கண்ணனிடம் சேர்த்துவிட்டு டீக்கடைக்குப் போவதற்குள் அவனிடமிருந்து ஃபோன்.

"பாய், ஜன்னலு கோணிக்கிட்டு நிக்கி. ஃபைல் கெட்டுப்போச்சா?"

"இல்ல. அப்படியே அடி."

"பெறவு என்னையச் சொல்லப்பிடாது."

"அடில."