திருநீறு என்று தள்ளிவைத்த படம்

என் உயிர்த் தங்கச்சி மங்களம்,

வீட்டுச் சேதி சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். நீ கண்ணை மூடிய பிறகு உன் வீட்டுக்காரர் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு, உன் மகள் வசந்தாவோடு பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய்விட்டார். சாப்பிடுகிறார். பேசுவதில்லை.

போன வாரம் வசந்தாவும் நானும் நீ மார்பைப் படம் எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அப்போது ஒரு சோதனை நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் டாக்டர் தன் கண்ணால் படத்தைப் பார்ப்பார். பிறகு கம்ப்யூட்டர் பார்த்து, சந்தேகமான இடங்களில் வட்டம் போடும். கம்ப்யூட்டரும் சேர்ந்து பார்த்தால் புற்றுநோய் கூடுதலாக அகப்படுமா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

"கம்ப்யூட்டரே பாத்துடுச்சுக்கா. ஒண்ணும் இல்லையாம் லா" என்று கிள்ளானுக்குப் போன் செய்து சிரித்தாய். அடுத்த தீபாவளிக்குள் மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு நீ பட்டதை நான் எழுதமாட்டேன்.

உனக்குத் தெரியாததை மட்டும் சொல்கிறேன். டாக்டர் உன் பழைய படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகள். பக்கத்தில் கம்ப்யூட்டர் தாள். அதில் எங்கு பார்த்தாலும் வட்டம்.

"அன்னைக்கு அவங்க நெஞ்சுல விபூதி பூசியிருந்தாங்க ஆன்டி. படம் எடுத்த நர்ஸ் சொன்னாங்க. விபூதியும் வெள்ளையாத்தான் விழும். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால வட்டம் எல்லாமே விபூதிதான்னு நெனச்சு, ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டோம்."

"எல்லாமே விபூதியா?"

அவர் ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இது இல்ல."

உனக்குக் கட்டி வந்த இடம், மங்களம். வசந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எந்த இடத்தில் பயமோ அந்த இடத்தில் திருநீறு பூசுகிற சாதி நாம். கோவிலிலிருந்து நேரே போனாய், பயந்தாய், பூசிக்கொண்டாய். இதில் உன் தப்பு என்ன?

"நர்ஸ் கண்ணால பாத்தாங்கல்ல? கழுவிட்டு வாங்கம்மா, இன்னொரு படம் எடுக்கலாம்னு சொல்ல வாய் வலிச்சுச்சா?"

"பவுடர், விபூதி எதுவும் பூசக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு ஆன்டி."

"எந்த பாஷைல?"

வெளியே வரும்போது நானே பார்த்தேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. உனக்குத் தமிழ் எழுத்தே தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"சரி, உங்க சோதனைல என் தங்கச்சி எந்தப் பக்கம்? மெஷின் ஜெயிச்சுச்சா, தோத்துச்சா?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அவங்க கணக்குலயே இல்ல ஆன்டி. மேல ஏதாவது பூசியிருந்தா அந்தப் படத்தைத் தள்ளி வெச்சிடுவோம். ஆரம்பத்துலயே போட்ட ரூல்."

செத்தவளைக்கூட கணக்கில் சேர்க்காத சோதனை என்ன சோதனை? திருநீறு பூசி வந்த நம் பெண்கள் இன்னும் எத்தனை பேரைத் தள்ளி வைத்தார்கள்? அவர்களில் எத்தனை பேர், ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போன் செய்து சிரித்தார்கள்? கேட்டேன். ரிப்போர்ட் எழுதி முடித்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்.

"பெரியம்மா, போதும். அம்மா திரும்பி வரப் போறாங்களா?" என்று வசந்தா கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் ஒண்ணும் அவளைத் திருப்பிக் கேக்கல. அவளையும் கணக்குல எழுதுங்கன்னு சொல்றேன்."

சமாதானம் செய்வதாக நினைத்து, எனக்கும் வசந்தாவுக்கும் படம் எடுக்க நாள் குறித்துக் கொடுத்தார்கள். வசந்தா வரமாட்டேன் என்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உன் பிள்ளை, உன்னைப் போலவே பயப்படுகிறாள்.

நான் போவேன், மங்களம். நெஞ்சு நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போவேன். கழுவிவிட்டு வாருங்கள் என்று என் பாஷையில் என் முகத்தைப் பார்த்து அவர்கள் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த நிமிஷமே கழுவுவேன். சொல்லாமல் படம் எடுக்க வந்தால், அந்த மெஷின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். போலீசைக் கூப்பிடட்டும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கிள்ளானிலிருந்து,
உன் கூடப் பிறந்தவள்,
அக்கா