தறியை நிறுத்திக் கேட்ட ஆம்ப்

தம்பி,

ஆம்ப்ளிஃபையருக்குள் தூசி படிந்த வால்வு சூடேறும்போது ஒரு வாசனை வருமே, காய்ந்த மண்ணும் கருகிய நூலும் கலந்த மாதிரி, அது போன வாரம் நம் தெருவில் வந்தது. உன் மைக் செட் கடைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். உன் சட்டையிலும் அதுதான் இருக்கும். நீ போன பிறகு நான் அதை மோந்ததே இல்லை.

நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது.

என் பேத்தி வித்யாவை உனக்குத் தெரியும். அவள் கிதார் வாங்கியது தெரியாது. வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி வேலை பார்க்கிறாள், மிச்ச நேரமெல்லாம் கிதார்தான். சினிமாப் பாட்டு இல்லை, ஹெவி ராக்காம். தகரக் கொட்டகைக்குள் லாரியை உறும விடுகிற மாதிரி இருக்கும். எதிர்வீட்டு விசைத்தறிக் கொட்டகையில்தான் பழகுகிறார்கள். கொட்டகைக்காரர் மகன் சரவணன் டிரம்ஸ் அடிக்கிறான். ஏற்கெனவே தறிச் சத்தம் உள்ள இடம் என்பதால் தெருவில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

போன வருடம் வேலூரில் ஒரு கல்லூரி மேடையில் வாசித்தார்கள். டிரம்ஸ் கேட்டது, பாடியவன் குரல் கேட்டது, இவள் கிதார் கேட்கவில்லை. மேடையை விட்டு இறங்கியவளிடம் அவள் தோழியே, "நீ வாசிச்சியாடி? சும்மா கையை ஆட்டிகினு நிக்கிறன்னு நெனச்சேன்" என்று சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அவள் அம்மா, "இதுக்குப் போயா? உடுடி" என்றாள். நான் அப்படிச் சொல்லவில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

இப்போது சென்னையில் ஒரு மேடை கிடைத்திருக்கிறது. கிதார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டியை அவரவரே கொண்டுபோக வேண்டும். இந்தத் தடவையும் கேட்கவில்லை என்றால் கிதாரைப் பரணில் போட்டுவிடுவேன் என்றாள். சொன்னால் செய்கிறவள், என் ரத்தம். வேலூரில் தெரிந்த கடைக்காரர் இரண்டு ஆம்ப்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார், வாசித்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பச் சொல்லி. ஒன்று வால்வு வைத்தது, தூக்க இரண்டு ஆள் வேண்டும். வால்வு இல்லாத மற்றதை அவளே ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கெயின்னு ஒரு திருகு இருக்குது ஆயா. அதை ஏத்துனா கம்பியைத் தொட்டாலே உறுமும். ரெண்டுலயும் அது எக்கச்சக்கமா இருக்குது. எந்த உறுமலை எடுக்கறதுன்னுதான் பேஜாரா இருக்குது" என்றாள்.

கொட்டகைக்காரர் தறிகளை நிறுத்தினார். நம் ஆட்கள் அப்படித்தானே. சாவுச் சேதியோ கல்யாணச் சேதியோ, காது கொடுத்துக் கேட்க வேண்டியது எதுவானாலும் முதலில் தறியை நிறுத்துவோம். அதுதான் மரியாதை.

வால்வு ஆம்பைப் போட்டு வாசித்தாள். சுவரில் மாட்டியிருந்த சாமி படம் நடுங்கியது, என் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ நடக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் சின்னது. மூக்கடைத்தவன் கத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

"இது டப்பா. பெருசையே வெச்சிக்க" என்றான் சரவணன். கொட்டகைக்காரரும் தலையாட்டினார். நானும் பெரியதையே கை காட்டினேன், அந்த வாசனைக்காக.

நீயும் இப்படித்தான் ஒருநாள் புது ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்தாய். தெரு முழுக்கத் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டது. உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து சாமி பேசுகிற மாதிரி வந்தது. ஊரே கை தட்டியது. பழைய சின்ன ஆம்ப்ளிஃபையரை அன்றைக்கே களம்பூர்க்காரன் ஒருவனுக்குத் தள்ளிவிட்டாய்.

அந்த ஆடியில்தான் நான் அம்மனுக்குச் சேலை நெய்தேன். அரக்கு உடல், மயில் கழுத்துக் கரை, முழுக்க என் கையால். உபயம் என்றால் வீட்டு ஆம்பளை பேரைத்தான் மைக்கில் சொல்வார்கள். நான் உன்னிடம் வந்து, "நெய்தவ நான், என் பேரைச் சொல்லுடா" என்றேன். "சொல்றேங்க்கா. உம் பேரு தேவிகாபுரம் வரைக்கும் கேக்கும் பாரு" என்றாய். கோயில் பொறுப்பில் இருந்த என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

கூழுக்குக் கேழ்வரகு கொடுத்தவர், பூ கொடுத்தவர், பந்தல் போட்டவர் எல்லார் பேரும் உன் புது ஆம்ப்ளிஃபையரில் கணீரென்று கேட்டது. சேலை சாத்தும்போது பம்பை மேளம் எழும்பியது. நீ மைக்கை வாயருகே வைத்ததைப் பார்த்தேன். கும்மென்று ஒரு முழக்கம் வந்தது, பேர் வரவில்லை. பம்பை நின்றதும் நீ அடுத்தவர் பேருக்குப் போய்விட்டாய். பக்கத்தில் நின்றவள் என்னை இடித்து, "இன்னாக்கா, உன் தம்பியே உன் பேரை முழுங்கிட்டானா?" என்றாள். அவள் கட்டியிருந்த புடவை, வாயில் இருந்த வெற்றிலை, எல்லாம் நினைவில் இருக்கிறது. அவளோடும் பேச்சில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்தாய். "சத்தியமா சொன்னேங்க்கா. பம்பையில அமுங்கிடுச்சு" என்றாய்.

"மத்தவன் பேரெல்லாம் அமுங்கல, எம்பேரு மட்டும் அமுங்கிச்சா? அவரு மூஞ்சைப் பாத்துப் பயந்துட்டேன்னு சொல்லிட்டுப் போடா."

அதற்குப் பிறகு உன் வீட்டில் கை நனைக்கவில்லை. உன் பிள்ளைகள் கல்யாணத்துக்கு வந்தேன், நின்றேன், திரும்பினேன். நீ கடைசியாகப் படுத்திருந்தபோது உன் பெண்டாட்டி வந்து, "அன்னிக்கி நான் பேரைச் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லுன்னாருங்க" என்றாள். சரி என்றேன். நம்பவில்லை.

போன வாரத்துக்கு வருகிறேன். பெரியதுதான் என்று முடிவாகிவிட்டது. "போதும்பா, சரக்கை ஜல்தியா முடிக்கணும்" என்று கொட்டகைக்காரர் தறிகளை ஓட்டினார். வித்யா நிறுத்தவில்லை, சரவணனும் அடித்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவள் விரல் கம்பி மேல் ஓடுகிறது, கிதாரைக் காணோம். கும்மென்ற முழக்கம் மட்டும்தான். அவளுக்கும் முகம் செத்துவிட்டது. சட்டென்று கிதார் வயரைப் பிடுங்கிச் சின்னதில் செருகினாள். அந்த மூக்கடைத்த குரல் தறிக்கும் டிரம்ஸுக்கும் நடுவே ஊசி மாதிரி வெளியே வந்தது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது.

"பெருசுல கனத்த அடிச் சத்தமும் கீச்சுன்னு உச்சிச் சத்தமும்தான் ஆயா, நடுச் சத்தம் காலி. தனியா கேட்டா அதான் கம்பீரம். அந்த அடியை டிரம்ஸ் தின்னுடும், உச்சியைத் தறி தின்னுடும். நடுவுல இருக்கறதுதான் காதுக்கு வரும். நடுவை ஏத்தியும் பாத்துட்டேன், அதோட அழகும் போயிடுது" என்றாள்.

"பேச்சும் அப்பிடித்தானா?"

"பேச்சுக்கும் நடுதான் வேணும்."

கொட்டகை மூலையில் பாடுகிறவனின் மைக் கிடந்தது. அதைப் பெரியதில் செருகி என் பேரைச் சொல்லச் சொன்னேன். டிரம்ஸும் தறியும் நிற்கக் கூடாது என்றேன். என்னவோ ஏதோ என்று பார்த்தாள், ஆனால் செய்தாள். நான் தெருவுக்கு வந்து நின்றேன். உள்ளே அவள் உதடு அசைந்தது. கும்மென்று ஒரு முழக்கம் வந்தது, பேர் வரவில்லை.

அதே முழக்கம், தம்பி. எனக்கு அது மறக்குமா?

சின்னதில் செருகச் சொன்னேன். "தனபாக்கியம்!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்டது. கோடி வீட்டுக்காரி வெளியே வந்து, "இன்னாங்க, உங்களைத்தான் கூப்புடுறாங்களா?" என்றாள். "ஆமா, என்னைத்தான்" என்றேன்.

பெரியது மறுநாள் வேலூருக்குத் திரும்பிப் போனது. அதோடு அந்த வாசனையும் போய்விட்டது. சென்னைக்குச் சின்னதுதான் போகிறது. நானும் போகிறேன், கடைசி வரிசையில் நின்று கேட்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு நீ என் பேரைச் சொன்னாய். ஒத்துக்கொள்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் சொன்னாய். ஆனால் பம்பை நின்றதும் தெரு அமைதியாகத்தானே இருந்தது? இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன். அதை மட்டும் வைத்திருக்கிறேன்.

அக்கா