கோடு தெரியாத தசை

கையில் சைலீன் வாசனை. ஸ்லைடைத் தெளிவாக்கும் அந்த மருந்து, எத்தனை தடவை சோப்பு போட்டாலும் லேபிலிருந்து வீடு வரை கூடவே வந்துவிடுகிறது. இன்று சோற்றில் கை வைத்ததும் மூக்கில் ஏறியது. நீ பக்கத்தில் உட்கார்ந்து கிண்டலடிப்பது போலிருந்தது. போய்ச் சேர்ந்த பிறகும் உன் வாய் அடங்கவில்லையடி.

லேப் டெக்னீஷியன் படிப்பில் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். நீ முதல் தடவையே தேறி வேலைக்கும் போய்விட்டாய். நான் செய்முறைத் தேர்வில் விழுந்தேன். கைத் தசையில் வரிவரியாகக் கோடு தெரிந்தது, சரியாக எழுதினேன். குடல் தசையில் கோடே இல்லை. "சாயம் சரியாக ஏறவில்லை" என்று எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவரின் மகளுக்கு வேறென்ன தோன்றும்!

நைனா கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தபா ஃபெயிலானா படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். வூட்ல இரு."

மறுதேர்வன்று நீ லீவு போட்டு என்னோடு வந்தாய். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு பஸ். புத்தகத்தை மடியில் வைத்து நான் அழுதுகொண்டிருந்தேன். அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே காட்டினாய். ஒரு கழனியில் கயிறு கட்டி நட்டிருந்தார்கள். அடுத்ததில் கை போன போக்கில்.

"நல்லா பாருடி. ரெண்டுலயும் ஒரே நாத்துதான் கீது. கயிறு புடிச்சி நட்டா கோடு தெரியுது, இல்லன்னா தெரியல. இதுல சாயம் இன்னா பண்ணுச்சி?"

அட, இவ்வளவுதானா என்றிருந்தது. தசைக்குள் தடித்த இழையும் மெல்லிய இழையும் உண்டு. கைகால் தசையில் அவை வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கின்றன. தடித்தவை இருக்கும் இடம் கருமையாகவும், மெல்லியவை மட்டும் இருக்கும் இடம் வெளுப்பாகவும் மாறி மாறித் தெரியும். குடலிலும் அதே இழைகள்தான், ஆனால் குறுக்கும் நெடுக்குமாக. கோடு இல்லையே தவிர வேலையில் குறையில்லை. மெதுவாக இழுக்கும், நெடுநேரம் பிடித்து நிற்கும்.

"அப்ப ஹார்ட்டு?" என்றேன்.

"அதுலயும் கோடு கீது. ஆனா கிளை கிளையா பிரிஞ்சி கோத்துக்கினு இருக்கும். கை மாதிரி நம்ம பேச்ச கேக்காது, தானா அடிச்சிக்கும். பேஜார் பண்ணாம போய் எழுது."

பாஸானேன். முடிவு வந்த அன்று என்னைவிட நீதான் அதிகம் குதித்தாய்.

இன்று காஞ்சிபுரத்தில் என் மேசைக்கு எந்தத் தசை வந்தாலும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். யாரும் திருத்த வேண்டியதில்லை. அந்தத் திமிர் நீ கொடுத்தது, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் இதயம் நின்றுவிட்டது என்று போன் வந்தபோது அழுகையைவிடக் கோபம்தான் முந்தியது, உன்மேல்தான். இப்போதும் இதயத் தசை வரும்போது லென்ஸைத் திருகிப் பார்க்கிறேன். கோடு இருக்கிறது, கிளை இருக்கிறது, எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இன்ன தசை என்று தெரிந்த பிறகும் அந்த ஒரு ஸ்லைடிலிருந்து மட்டும் கண்ணை எடுக்க மனம் வருவதில்லை.