அருவிக்கு மேலே நான்கு பட்டை

1974 மார்ச் 2, பதுளை

பாடசாலை விஞ்ஞான அறையில் இந்த மாதத்து மீன்களை அளந்து முடித்தேன். மடுல்சீமைத் தோட்டத்து அருவிக்குக் கீழே பிடித்த கெண்டைக்கு நான்கு கறுப்புப் பட்டை, தடித்த உடம்பு. மேலே பிடித்ததற்கு மூன்றே பட்டை, ஒல்லி. இவற்றை மாதாமாதம் அளந்து அனுப்பச் சொன்ன பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கலாநிதி போன தடவை சொன்னது: "இரண்டும் ஒரே இனந்தான், மிஸ் கொரட்டி. ஆனால் மேலே இருப்பது அருவியால் பிரிந்து தனியாகவே பெருகிய வம்சம். அருகிக்கொண்டு வருகிறது. கலந்துவிட்டால் போச்சு."

ஏப்ரல் 6

'மேல்' என்று எழுதிய போத்தலில் பன்னிரண்டு மீன். மூன்றுக்கு நான்கு பட்டை! இரண்டு முறை எண்ணினேன். பலீல்தான் பிடித்துக்கொண்டு வருகிறார். துணி மூட்டையோடு தோட்டம் தோட்டமாக நடந்து விற்றவர். துணி கிடைக்காமல் வியாபாரம் படுத்தபோது நான்தான் இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டேன். மலையேறச் சோம்பல்பட்டுக் கீழேயே பிடித்து நிரப்புகிறாரோ?

ஏப்ரல் 7

கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்.

மே 4

இம்முறை ஐந்து. காலை ஒன்பதரைக்கே மடுல்சீமையிலிருந்து வந்து நிற்கிறார். அருவிக்கு மேலே ஏறி இறங்கவே மூன்று மணி நேரம் வேண்டும் – எப்போது ஏறினார், எப்போது பிடித்தார்? சப்பாத்தில் சேறுகூட இல்லை. போத்தலை நீட்டும்போது, "மேலதான் டீச்சர் புடிச்சேன்" என்றார். நான் கேட்கவே இல்லையே. பிறகு ஏன் சொன்னார்?

மே 6

பலீல் கீழே பிடித்து ஏமாற்றுகிறார் என்று கலாநிதிக்கு எழுதிவிட்டேன். தபாலில் போட்ட பிறகு மனம் லேசானது.

மே 20

பதில் வந்தது. பலீலை நிறுத்தச் சொல்கிறார். சொன்னேன். வலையை மடித்து மேசையில் வைத்தார். "டீச்சர் என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். நடிப்பா?

ஜூன் 1

நானே மடுல்சீமைக்குப் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மாவும் இல்லை, பாண் ரொட்டியும் இல்லை. கீரையை அவித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு விலா எலும்பு தெரிகிறது. தோட்டத் தொழிலாளி வீரய்யா அருவிக்கு மேலே வழிகாட்டி வந்தார். முதல் வீச்சிலேயே விழுந்தது – நான்கு பட்டை. அருவி ஏறி மீன் எப்படி வரும் என்று கேட்டேன். வீரய்யா தலை குனிந்தார்.

"நான்தாங்க விட்டேன். புள்ளைங்க பசியில சுருண்டு கெடக்குதுங்க. இங்க உள்ளது குச்சி மீனு. பங்குனியில கீழேருந்து பெருசாப் பாத்து கொடத்துல கொண்டாந்தேன். பெருகுனா ஆக்கித் திங்கலாமில்ல?"

"பலீலுக்குத் தெரியுமா?"

"பாய்க்கா? தெரியாதுங்க. அவரு மொத நாளே வந்து புடிச்சிட்டு நம்ம லயத்துலதான் படுப்பாரு. காலையில மொத பஸ்ஸுக்குப் போயிருவாரு."

ஐயோ, என்ன காரியம் செஞ்சுட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?

ஜூன் 2

பூசை முடிந்து நேரே பலீல் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஹம்ஸியா கதவைப் பாதிதான் திறந்தார். "அவர் வெலிமடச் சந்தையில லீக்ஸ் மரக்கறி மூட்ட தூக்குறார். இனி ஒங்கட மீன் வேலைக்கு வர மாட்டார், டீச்சர்." மன்னிப்புக் கேட்டேன். அவருக்குச் சொல்வதாகச் சொன்னார். உள்ளே வரச் சொல்லவில்லை.

கலாநிதிக்கு இரண்டாவது கடிதம்: பலீல் பொய் சொல்லவில்லை. யாரோ கீழ் மீனை மேலே விட்டிருக்கிறார்கள். பிழை என்னுடையது.

ஜூன் 19

பதில். பலீலை மறுபடி எடுக்கலாமாம். மேல் வம்சம் இனிக் கலந்துவிடும், பிரித்தெடுக்க வழியே இல்லை என்று மிகவும் வருந்தி எழுதியிருக்கிறார். மீனைக் கொண்டுபோய் விட்டவனின் பெயரை உடனே அனுப்ப வேண்டும், தோட்டத்துத் துரையிடம் சொல்லி நடவடிக்கை எடுக்கப் போகிறாராம்.

'விசாரித்தேன். யாரென்று தெரியவில்லை' என்று எழுதி ஒட்டி, தபாலகத்துக்கு நானே கொண்டுபோய்ப் போட்டேன்.