செவனா, லெவனா

ஜூன் 11, செவ்வாய்
ஏழாம் மைல் வளைவில் லைலின் லாரியும் என் லாரியும் மூக்கோடு மூக்காக நின்றன. நடுவே பத்தடிதான். அவன் மரம் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வந்தான். நான் காலி வண்டி. ஒற்றை வழிச் சாலை; இறங்குகிறவன் எந்த மைலில் வருகிறான் என்று ரேடியோவில் சொல்வான், ஏறுகிற காலி வண்டி ஒதுங்கிடம் பார்த்து நிற்க வேண்டும். ஒதுங்கியிருக்க வேண்டியது நான்தான்.

"செவன், செவன்னு ரெண்டு தடவை ரேடியோவுல கத்தினேன் வெர்லா! காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?"

எனக்கு 'லெவன்' என்றுதான் கேட்டது. இன்னும் நாலு மைல் இருக்கிறதே என்று ஏறிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12
மேலாளர் டாரல் கூப்பிட்டார். "காதைக் காட்டிட்டு வா. அதுவரைக்கும் மலை கிடையாது. யார்டுல கட்டை அடுக்கு."

"காது இல்ல டாரல், ரேடியோ. எழுபத்தேழுல செஞ்சது."

"அப்ப புதுசு ஒண்ணு மாட்டு."

மாட்டலாம். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடுமே.

ஜூன் 15
மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு குட்டி ஊர். சின்ன டப்பாக்களாக நிற்கும் கெப்பாசிட்டர்கள் பதினெட்டு. நாலைந்தின் தலை உப்பியிருக்கிறது. முப்பத்தோரு வருஷம் இதை வைத்தா இத்தனை பேர் குரலையும் கேட்டேன்?

ஜூன் 19
பதினெட்டையும் மாற்றினேன். ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டேன் — பட்! சமையலறை முழுக்க மீன் நாற்றம். சரி, பதினெட்டில்லை, பத்தொன்பது.

ஜூன் 22
ரேடியோவை லாரியில் மாட்டி, யார்டிலேயே நிறுத்தி, கேட்டேன். ஒன்பதாம் மைலிலிருந்து லைல் கூப்பிட்டால், வரும் குரலின் பலத்தைக் காட்டும் மீட்டர் முள் முன்பு ஒன்றைத் தாண்டாது. இன்று மூன்று! ஆனால் இரைச்சல் போகவில்லை.

ஜூன் 23
ஆண்டெனா கொண்டுவரும் மெல்லிய குரலை முதலில் பெருக்கிக் கொடுப்பது ஒரே ஒரு டிரான்சிஸ்டர். பழையது குரலோடு தன் இரைச்சலையும் சேர்த்துவிடுகிறதாம். இரைச்சல் குறைவான புதியது ஒன்றை வைத்தேன். பிறகு பிளாஸ்டிக் திருப்புளியால் காயில்களைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று. முள் ஏறுகிறது, இறங்குகிறது. அதிகம் ஏறும் இடத்தில் விட்டுவிட வேண்டும். மத்தியானச் சாப்பாடு மறந்தே போச்சு.

ஜூன் 27
சாலை சமன் செய்யும் வண்டி ஓட்டுகிற இனெஸைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். பெருமையடிக்கத்தான். லைல் கூப்பிட்டான். முள் ஏழில் நின்றது. இரைச்சல் துளியும் இல்லை.

"பாத்தியா? லெவன்!" என்றேன்.

இனெஸ் என்னைப் பார்த்தாள். "செவன்னு சொன்னான் வெர்லா."

வேறு ஸ்பீக்கர் மாட்டினேன். மறுபடி சொல்லச் சொன்னேன். எனக்கு லெவன்தான்.

"அவன் என் மடியில உக்காந்து பேசுற மாதிரி கேக்குதுடி," என்றாள். சிரிக்கவில்லை.

அப்போ ரேடியோ சரியாயிடுச்சு. ரேடியோ சரியாயிடுச்சுன்னா — மிச்சம் நான்தானே?

ஜூன் 28
டாரலிடம் நானே போய்ச் சொன்னேன்.

ஜூலை 9
காதைச் சோதித்து டாக்டர் வரைந்த கோடு பாதி தூரம் நேராகப் போய், பிறகு மலைச்சரிவு மாதிரி விழுகிறது. மெல்லிய, கூர்மையான ஒலிகள் போய்விட்டன. இடது காதில், டிரைவர் ஜன்னல் பக்கம், அதிகம். "இந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வச்சு ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். முப்பத்தோரு வருஷமா. 'ச' என்பது எனக்கு வெறும் காற்றாம். ரேடியோவும் பழுது, நானும் பழுது. ரெண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று ஏன் நினைத்தேன்?

ஆகஸ்ட் 6
காதில் கருவியோடு மறுபடி மலைக்கு. முதல் ஒதுங்கிடத்திலேயே நிறுத்தி லைலுக்கு வழிவிட்டேன். மைக்கை அழுத்தியதும், பேசுவதற்கு முன்னால், அவன் சின்னதாக ஒரு மூச்சு இழுக்கிறான். ஒவ்வொரு தடவையும். இத்தனை வருஷம் எனக்கு அது தெரியாது.