சைக்கிள் பாதையில் ஒரு வெள்ளைக் கார்

துவாரகா, புது தில்லி
ஞாயிறு

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு அம்மாவின் ஆசிகள். நானும் அப்பாவும் சௌக்கியம், என் இடது முழங்காலைத் தவிர. அதுவும் ஆறிக்கொண்டு வருகிறது, உடனே போன் போடாதே, முதலில் முழுக்கப் படி. தமிழ் எழுத்து தடுக்கினால் வாய்விட்டுப் படி, புரியும். கனடா குளிரில் காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய்.

நம் காலனி வாசலிலிருந்து மெட்ரோ வரை சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டுப் பச்சை வண்ணமும் அடித்திருக்கிறார்கள். அப்பா காலனி சங்கச் செயலாளர் ஆனதிலிருந்து மனு மேல் மனு எழுதி வாங்கியது. அதை நம்பி நானும் ஒரு சைக்கிள் வாங்கி, லோதி ரோடு பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகும்போது மெட்ரோ வரை அதிலேயே போகிறேன். ஆனால் பாதை முழுக்கக் கார்கள், நடுவில் பானிபூரி விற்கிற ஒரு கோல்கப்பா வண்டிக்காரன். மணி அடித்தால் அவனாவது அச்சா ஆன்ட்டிஜி என்று தள்ளிக்கொள்வான், கார் தள்ளிக்கொள்ளுமா. போன மாதம் ஒருநாள் ஒரு வெள்ளைக் காரைச் சுற்றிக்கொண்டு போக மெயின் ரோட்டில் இறங்கினேன். பஸ் ஒன்று உரசுகிற மாதிரி போயிற்று, பயத்தில் ஹாண்டிலை ஒடித்து விழுந்துவிட்டேன். சல்வார் கிழிந்து முட்டியில் ரத்தம். தரையில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தால், காரின் பின்கண்ணாடியில் நீ சின்ன வயதில் ஒட்டிய பூனைப் படம். நம் கார்தான்.

வீட்டில் விழுந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அப்பா எனக்கு பிரேக் பிடிப்பது எப்படி என்று பாடம் எடுத்தார். காரைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே, அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் இருந்தது. கூட்டத்தில் அப்பா, பாதையை மறிப்பவர்களுக்கு மனசாட்சி இல்லை என்று ஹிந்தியில் நெடுநேரம் பேசினார். நான் எழுந்து, அப்படி ஒருவரால்தான் விழுந்தேன் என்று கார் நம்பரைச் சொன்னேன். அப்பா கையிலிருந்த சமோசா கையிலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பட்டாபி மாமாதான் பலமாகச் சிரித்தார். அடுத்து உங்க நம்பரைத்தான் சொல்லப் போறேன் மாமா என்றேன், அடங்கிவிட்டார்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். சாயங்காலம் அப்பா என் முட்டிக்கு மருந்து போடும்போது, பஸ் எவ்வளவு கிட்ட வந்தது ஜலஜா என்று கேட்டார். கையால் காட்டினேன். பஞ்சை அப்படியே வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார், அன்றிலிருந்து நம் கார் காலனிக்குள் வெயிலில் நிற்கிறது. மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். இனி யாரும் நுழையக் கூடாது என்று அப்பா முன்னால் நின்று பாதை முகப்பில் இரும்புக் கம்பங்கள் நடவைத்தார். கார் நுழையவில்லை, என் சைக்கிள் ஹாண்டிலும் நுழையவில்லை. அதனால் தினமும் காலையில் அப்பா என்னோடு வந்து, கம்பங்களுக்கு மேலே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறார். அவர் தூக்குவதைப் பார்த்துப் பேப்பர்காரரும் தன் சைக்கிளை நீட்டுகிறார், அதையும் தூக்குகிறார். அப்புறம் நான் பாதை திரும்பும் வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீ நீண்ட ஆயுளோடு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும். அங்கே சைக்கிளில் போனால் ஹெல்மெட் போட மறக்காதே. இன்னொன்று, சைக்கிள் நுழைய வழிவிட்டு நாளைக்கே வந்து ஒரு கம்பத்தைப் பிடுங்கிவிடுவதாக வெல்டர் சொன்னான். அடுத்த வாரம் வந்தால் போதும் பையா என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜலஜா