கல்லில் பூசிய எண்ணெய்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தம்பி ஜெய்சனின் முகத்தை அச்சுக் கல்லில் வரைந்து முடித்தேன். நாகமலை புதுக்கோட்டையில் அழகுராஜா அண்ணனின் அச்சுக்கூடத்தில் இந்த அளவுக்கு இருப்பது ஒரே கல்தான். சென்னைக் கண்காட்சிக்குப் பத்துப் பிரதிகள் வேண்டும். கடைசி நாள் பதினாறு.

ஆகஸ்ட் 8

ஜெய்சனுக்கு மாரடைப்பு. முப்பத்தாறு வயதில். ஐசியூ.

ஆகஸ்ட் 10, சனி

கண்ணாடி வழியாக ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், அச்சுக்கூடம் போனேன். அம்மாவைத் தனியாக விட மனசில்லை, கூட்டிப் போனேன். வாசலில் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தால், அம்மா கல் பக்கத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லை நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

மை உருட்டி முதல் தாளை எடுத்தோம். ஜெய்சன் நெற்றியில் கன்னங்கரேலென்று ஒரு சிலுவை. நான் வரையாதது. இந்தக் கல்லில் எண்ணெய்ப் பசை பட்ட இடமெல்லாம் மையைப் பிடித்துக்கொள்ளும், விரல்கூடப் படக்கூடாது. அம்மாவிடம் கத்திவிட்டேன்.

"வேளாங்கண்ணி எண்ணெய்டி. அங்க பிள்ளையத் தொட விடல. இங்கயாச்சும் பூசுவோமேன்னு பூசுனேன்."

தாள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருந்தது. கிழித்தேன். கிழித்த பிறகு அதுவும் பயமாகிவிட்டது.

ஆகஸ்ட் 13

"தேய்ச்சு அழிச்சுட்டு மறுபடி வரைம்மா. இன்னும் மூணு நாள் கெடக்குல்ல" என்றார் அண்ணன்.

மணல் தூவி, தண்ணீரும் ஊற்றிவிட்டேன். கை போகவில்லை. இருபது வருஷமாக எத்தனை முகங்களைத் தேய்த்திருக்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. அங்கே அவன் மூக்கில் குழாய். இங்கே நான் அவன் நெற்றியைத் தேய்க்கவா? படித்தவளாம், நவீன ஓவியராம் — வெட்கமாக இருக்கிறது. பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

"என்னால ஆகாதுண்ணே."

ஆகஸ்ட் 16, வெள்ளி

கடைசி நாள் போயிற்று. ஒன்றும் அனுப்பவில்லை. வேறொரு ஓவியர் கல்லைக் கேட்டாராம். அண்ணன் அதைச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறார். "கல்லுல விரிசல்னு சொல்லிட்டேன், நீ ஆஸ்பத்திரியப் பாரு."

ஆகஸ்ட் 17

இன்றும் கண்ணாடி வழியாகத்தான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கல்லைத் தேய்த்தோம். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்பதால் ஜெய்சன் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் ஊற்றினான். "ஏக்கா, எனக்கு மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்கு?" என்றான். எண்ணெய் ஆழமாக இறங்கியிருந்தது, நெற்றி அழிய வெகுநேரம் பிடித்தது. அம்மா கல்லைப் பார்க்கவே இல்லை. முந்தானையால் அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.